வோல்ரஸின் அருகே கமராவுடன்



உலகின் வட கோடியிலே, பனிக்கட்டிகள் மிதக்கும் ஆர்க்டிக் சமுத்திரத்திலே வாழும் வோல்ரஸ் என்னும் விலங்கைப் பற்றியும், அதனை அருகிற் சென்று படம்பிடிப்போரைப் பற்றியும் இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகின்றேன்.

வோல்ரஸ் கடல்நாய் இனங்களுக்கு உறவான விலங்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் யானையைப் போல இரு தந்தங்கள் உண்டு. ஆனால் அவை கீழ்நோக்கித் தொங்குபவை. பசுபிக் பகுதியில் வாழும் பெரிய ஆண் விலங்கு 1,500 கிலோகிராமுக்கு மேலும் நிறையுடையது. தோலுக்கு அடியில் 10 சென்ரிமீற்றர் வரை தடித்த கொழுப்புப் படை இருப்பதால் உறையும் நீரும் அதனை வருத்துவதில்லை. குளிர்நீரிலிருந்து கரையேறும்போது வெளிறித் தோன்றும் அதன் உடல், வெயிலிற் கிடக்கக் கிடக்க இரத்த ஓட்டம் தோலுக்குத் திரும்புவதனால் இளஞ்சிவப்பாக மாறுகின்றது. ஒரே கரையில், ஒரே மணி நேரத்தில் இத்தனை நிறங்களைக் காட்டும் விலங்கின்மீது புகைப்படக் கலைஞர்கள் மோகங்கொள்வதில் வியப்பென்ன?

இம்மோகத்தை நிறைவேற்ற அவர்கள் பெரும்பாலும் நாடிச் செல்லுமிடம், நோர்வேக்கு வடக்கேயுள்ள சுவல்பாட் தீவுக்கூட்டம். அங்கே கோடைகாலத்தில் நடுநிசியிலும் சூரியன் மறைவதில்லை. சாய்ந்து விழும் அவ்வொளி படத்திற்கு உகந்தது. ஆயினும் இடர்களும் பல. குளிரினால் மின்கலங்கள் விரைவில் வலுவிழக்கும். ஆதலால் உபரி மின்கலங்களை மேலங்கியின் உட்பையில், உடற்சூட்டிலே வைத்திருப்பர். வெண்பனியின் ஒளி கமராவின் ஒளிமானியை ஏமாற்றிப் படத்தை இருளச் செய்யும். எனவே சற்று அதிக ஒளி கொடுத்தல் வேண்டும். குளிரிலிருந்து கப்பலின் வெப்பமான அறைக்குள் நுழைந்ததும் வில்லையிலே நீர்த்துளி படியும். அதனைத் தடுக்கக் கமராவைப் பையினுள் இறுக மூடி, மெல்ல மெல்லச் சூடேற விடுவர்.

கருவியின் சிக்கல்களை இவ்வாறு பழக்கத்தால் வென்றுவிடலாம். விலங்கின் இயல்பை அறிவதே கடினமான பாடம். வோல்ரஸின் பார்வை கூர்மையானதன்று. மோப்பமோ மிகக் கூர்மையானது. அதனால் காற்று விலங்கிடமிருந்து தம்மை நோக்கி வீசும் திசையிலிருந்தே தேர்ந்தவர்கள் அணுகுவார்கள்; ஓசை செய்யார்; நிமிர்ந்து நடவார். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் கூட்டத்தில் ஒரு தலை உயர்ந்தால் நின்றுவிடுவார்கள். பல தலைகள் உயர்ந்தால் பின்வாங்குவார்கள்.

ஏன் இத்துணை எச்சரிக்கை? அச்சமுற்ற கூட்டம் முழுவதும் ஒரே பாய்ச்சலாகக் கடலை நோக்கி ஓடும். அந்நெரிசலில் குட்டிகள் நசுங்கி இறக்கும். 2009ஆம் ஆண்டு அலாஸ்காவின் ஐசி முனைக்கருகே இளம் வோல்ரஸ்களின் 131 உடல்கள் காணப்பட்டன. அவை நெரிசலிலே மிதிபட்டு இறந்தவை என ஆய்வாளர் கருதினர். கோடையிற் கடற்பனி குன்றிவருவதால், முன்பு பனித்தட்டுகளில் இளைப்பாறிய தாய்களும் குட்டிகளும் இப்போது கரைகளிலே பெருந்திரளாக ஒதுங்குகின்றன. 2014ஆம் ஆண்டு அலாஸ்காவின் பொயின்ற் லே கிராமத்தருகே ஏறத்தாழ 35,000 வோல்ரஸ்கள் ஒரே கரையிற் கூடின. அவ்வழியே தாழப் பறக்கும் ஒரு விமானமும் பேரிழப்பை விளைவிக்கலாம். ஒரு தாய் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஒரு குட்டியை ஈனுவதால் அவ்விழப்பு எளிதில் ஈடாவதன்று.

ஆபத்து மனிதருக்கும் உண்டு. 2019ஆம் ஆண்டு ரஷ்யாவின் பிரான்ஸ் ஜோசப் தீவுகளருகே, தன் குட்டியைக் காக்க எண்ணிய தாய் வோல்ரஸ் ஒன்று ரஷ்யக் கடற்படையினரின் றப்பர் படகொன்றைத் தாக்கி மூழ்கடித்தது. நல்வாய்ப்பாக அதிலிருந்தோர் உயிருடன் கரைசேர்ந்தனர்.

அப்படியானால் நெருங்கிச் செல்வதே தவறா? அவ்வாறு கூறிவிட முடியாது. வோல்ரஸ் தன் தந்தங்களாற் கடலடியைத் தோண்டியே சிப்பிகளை எடுக்கின்றது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கோறன் ஏல்மே என்னும் சுவீடன் நாட்டவர் கிறீன்லாந்தின் வடகிழக்கிலே கடலுக்குள் இறங்கி, இரைதேடும் வோல்ரஸ்களைப் படமாக்கினார். அவரும் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, அவ்விலங்கு துடுப்புக் காலால் விசிறியும், வாயால் நீரைப் பீச்சியும், மூஞ்சியாற் கிளறியும் சேற்றை அகற்றுவது விளக்கப்பட்டது. அதிலும் பெரும்பாலும் வலத் துடுப்பையே அது பயன்படுத்துகின்றதாம்! 2006ஆம் ஆண்டு, சேற்றைக் கிளறி இரை தேடும் வோல்ரஸின் படத்திற்காக, வனவிலங்குப் புகைப்படக் கலைஞருக்கான சர்வதேசப் பரிசு ஏல்மேக்குக் கிடைத்தது. அருகிருந்து எடுத்த படம் அறிவை வளர்த்தமைக்கு இஃதோர் எடுத்துக்காட்டு. ஆனால் அந்நெருக்கத்திற்குப் பின்னே விலங்கின் போக்கை அறிந்த நீண்ட பயிற்சி இருந்தது.

அத்தகைய அறிவின்றிப் படத்தை மாத்திரம் விரும்பினால் என்னாகும்? 2022ஆம் ஆண்டுக் கோடையில் பிரேயா எனப் பெயரிடப்பட்ட இளம் பெண் வோல்ரஸ் ஒன்று நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவின் கடற்கழிக்குள் வந்தது. சுமார் 600 கிலோகிராம் நிறையுடைய அது, சிறு படகுகளின்மீதேறி வெயில் காய்ந்தது. விலகி நில்லுங்கள் என அதிகாரிகள் பலமுறை எச்சரித்தும், மக்கள் பிள்ளைகளோடும் கமராக்களோடும் அதனை நெருங்கினர். மக்களுக்கு ஆபத்து நேருமென்று கூறி, ஓகஸ்ட் 14ஆந் திகதி அதனைக் கொன்றுவிட்டனர். அம்முடிவு சரிதானா என்ற வாதம் பெரிதாய் எழுந்தது. அடுத்த ஆண்டு பொதுமக்களின் பணத்திலே அதற்கு ஒரு வெண்கலச் சிலையும் நிறுவப்பட்டது. அதன்மேல் அன்பு கொண்டவர்களே அதனைச் சூழ்ந்து நின்றார்கள் என்பதுதான் நம் மனத்தை உறுத்துகின்றது.

சுவல்பாட் தீவுகளின் வரலாறு நமக்கு ஆறுதல் தருகின்றது. 17ஆம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ 350 ஆண்டுகள் தந்தத்திற்காகவும் கொழுப்பிற்காகவும் தோலுக்காகவும் அங்கே வோல்ரஸ்கள் வேட்டையாடப்பட்டன. 1952ஆம் ஆண்டு வேட்டை தடைசெய்யப்பட்டபோது, அவை அங்கு அற்றுப்போகும் நிலையில் இருந்தன. 2006ஆம் ஆண்டுக் கணிப்பு ஏறத்தாழ 2,600. 2018ஆம் ஆண்டுக் கணிப்போ ஏறத்தாழ 5,500. விட்டுவிட்டால் அவை தாமே பெருகும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ? 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல், அவை கரையேறிக் கிடக்கும் இடங்களுக்குக் கடல்வழி வருவோர் 150 மீற்றர் விலகி நிற்கவேண்டும். மணிக்கு 5 கடல்மைல் வேகத்தை மிஞ்சலாகாது என்பது அங்குள்ள சட்டம்.

150 மீற்றர் தொலைவென்று கலைஞன் கவலைப்பட வேண்டியதில்லை. தொலைநோக்கு வில்லைகள் அத்தூரத்தைச் சுருக்கித் தருகின்றன. மீசை மயிர்களைத் தனித்தனியே காண முடியாது போகலாம். ஆனால் பனிமலையும் கடலும் வானமும் சேர்ந்த அதன் வீடு முழுவதும் படத்தில் அடங்குகின்றது.

நேயர்களே, வோல்ரஸின் நல்ல படம் எது என்று என்னைக் கேட்டால், படமெடுத்தவர் வந்ததும் போனதும் அறியாமல் அவ்விலங்கு உறங்கிக்கொண்டிருக்கும் படமே என்பேன்.