கூட்டு மேய்ச்சலும் அதன் ஒழுங்கும்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஆடும் மாடும் அவரவர் சொத்து. ஆயினும் அவை காலையில் தொழுவத்தை விட்டு வெளியேறி ஒரே மந்தையாகச் சேர்ந்தவுடன், புல்லும் பொது, தண்ணீரும் பொது, வியாதியும் பொதுவாகிவிடுகின்றன. கால்நடைக்குச் சொந்தக்காரர் பலர் இருக்க, மேய்ச்சலுக்குப் பொறுப்பாளி ஒருவரும் இல்லாமையே மந்தைச் சச்சரவுகள் பலவற்றிற்கு மூலகாரணம்.

இவ்விரு தாலுகாக்களின் குடிகளுக்கு மேற்கு மலை நெடுங்காலம் பெரும் ஆதரவாக இருந்தது. வயலில் பயிர் நிற்கும் காலத்தில் மலைமாடுகள் மலையேறும். அறுவடையானதும் கீழே இறங்கித் தாள் மேயும். இரவில் வயலில் கிடை அமர்த்தப்பெற்று எருவிடும். 1988ஆம் ஆண்டில் அம்மலையில் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஏற்பட்டது. 2021இல் அது மேகமலைச் சரணாலயத்துடன் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றினுள் கால்நடை மேய்ச்சல் கூடாதென்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. மலைமாட்டுக்காரர்களோ 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைக் காட்டித் தங்கள் பாத்தியதையைக் கோருகிறார்கள். அவ்விவகாரம் எவ்வாறு தீரினும், மலை சுருங்கினால் பாரம் முழுவதும் ஊர்ப் புறம்போக்கின்மீதும், கண்மாய் உள்வாயின்மீதும், அறுவடையான தரிசின்மீதுமே விழும் என்பதில் சந்தேகமில்லை. ஆதலால் இருக்கும் மேய்ச்சலைக் கெடாமல் காப்பது இப்பொழுது வயிற்றுப்பாட்டு விஷயமாகும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். பத்துக் குடித்தனக்காரர் ஆளுக்குப் பத்து ஆடுகளாக நூறு ஆடுகளை ஒரு புறம்போக்கில் மேய்க்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் மேலும் பத்து ஆடு வாங்கி விடுகிறார். லாபம் முழுவதும் அவருக்கு. புல் குறைந்த நஷ்டமோ பத்துப் பேருக்கும் பங்கு. இதைக் கண்ட மற்றவரும் அவ்வாறே செய்தால், இருநூறு ஆடுகளும் எலும்பும் தோலுமாகும். இதற்குப் பரிகாரம் பிற நாட்டாரும் கண்டதே. சுவிட்ஸர்லாந்து தேசத்தில் டோர்பெல் என்னும் மலைக்கிராமத்தார், குளிர்காலத்தில் சொந்தத் தீவனத்தால் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையை மட்டுமே ஒருவர் பொது மேய்ச்சலுக்கு விடலாம் என்று 1517ஆம் ஆண்டிலேயே விதி எழுதிக்கொண்டனர், மீறினால் அபராதம். அவ்விதியை இங்கே கோடைக்குப் பொருத்திக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் தன் வைக்கோற்போரைக் கொண்டு எத்தனை உருப்படிகளைக் காப்பாற்ற இயலுமோ, அதுவே ஒருவருடைய மந்தை அளவு.

அளவு ஏற்பட்டபின் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் ஐந்து.

முதலாவது, புதிதாகச் சந்தையில் வாங்கிய உருப்படியை அன்றே மந்தையில் விடலாகாது. கோமாரியின் விஷம் உடலிற் புகுந்து இரண்டு முதல் பதினான்கு நாட்கள் வரை வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். ஆகையால் மூன்று வாரமாவது அதனைத் தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, தடுப்பூசி மந்தை முழுவதற்கும் ஒரே சமயத்தில் போடப்படவேண்டும். 2019இல் தொடங்கிய மத்திய சர்க்கார் திட்டப்படி மாடுகளுக்குக் கோமாரி ஊசி ஆறு மாதத்திற்கொரு முறை இலவசமாகப் போடப்பட்டு வந்தது. பத்துப் பேரில் இருவர் சோம்பலால் தவறினாலும் வியாதிக்கு வாசல் திறந்ததாகும். ஊசி நாளைச் சங்கம் முன்கூட்டியே தண்டோராப் போட்டு அறிவிப்பது நலம்.

மூன்றாவது, மேய்ச்சல் நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் புல் மீண்டும் தழைக்கும். குடற்புழுவின் தொல்லையும் குறையும். சாணத்தில் விழும் புழு முட்டை, ஈரமும் வெப்பமும் கூடிய பருவத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சாகிப் புல்லில் ஏறும். பனி உலராத அதிகாலையில் ஆடுகளை மேயவிடலாகாது என்று சொல்வதன் காரணமும் இதுவே. புழு மருந்தையும் எல்லோரும் ஒரே வாரத்தில் கொடுத்தல் வேண்டும்.

நான்காவது, முட்டும் மாட்டையும், சினைப்பசுவையும், இளங்கன்றையும் ஒன்றாக அடைத்தலாகாது. குருத்துச் சோளத்திலும், வாடிய சோளத்திலும் உயிர்கொல்லும் நஞ்சு உண்டாதலால், அக்கொல்லைப் பக்கம் மந்தையை ஓட்டாமலிருக்க மேய்ப்பவரை எச்சரித்தல் அவசியம்.

ஐந்தாவது, மேய்ப்புக் கூலி தலைக்கணக்கு. நாற்பது ஆட்டுக்காரர் நாற்பது பங்கும், இரண்டு ஆட்டுக்காரர் இரண்டு பங்கும் கொடுத்தல் நியாயம். கூலிக்குப் பதிலாக முறைவைத்து மேய்ப்பதானாலும் நாட்களை அவ்வாறே பகிர்ந்துகொள்ளலாம். கிடைக் கூலியாக வரும் நெல்லும் பணமும் அதே விகிதத்தில் பங்கிடப்பட்டு, சங்கப் புத்தகத்தில் வரவு வைக்கப்பட வேண்டும்.

இவ்வைந்தினும் கடினமானது ஒன்றுண்டு. மந்தையில் ஓர் ஆடு நொண்டினாலும், வாயில் நுரை தள்ளினாலும் முதலில் காண்பவர் மேய்ப்பவரே. அந்த ஆடு பெரிய மனிதருடையதாயின் அவர் வாய் திறக்க அஞ்சுவார். சொந்தக்காரரும், “இரண்டு நாளில் சரியாகிவிடும்” என்று மறைப்பார். அவ்விரண்டு நாளில் மந்தை கெடும். நாற்பது ஆடு உடையவர் பத்தை இழந்தாலும் மீதி முப்பது நிற்கும். இரண்டே ஆடுகளை நம்பிப் பிள்ளைகளை வளர்க்கும் விதவைக்கோ இரண்டும் போனால் யாவும் போயிற்று. ஆதலால் நோயுற்ற உருப்படியை யாருடையதாயினும் திருப்பியனுப்ப மேய்ப்பவருக்கு அதிகாரம் உண்டு என்று சங்கம் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையொப்பமிடுதல் வேண்டும். கையெழுத்திட்டவர்களில் பெரிய மந்தைக்காரர் முதல்வராய் இருப்பது அவருக்கே பெருமை.

சண்டை வந்தபின் விதி எழுதப் புகுந்தால், ஒவ்வொரு விதியும் ஒருவர்மேல் எறிந்த கல்லாகத் தோன்றும். மழை பெய்து புல் நிறைந்திருக்கும் கார்த்திகையிலேயே, மனம் ஒத்திருக்கும்போதே, அதனை எழுதிவிடுங்கள். ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும் அதற்குப் போதும். அன்று எழுதிய தாள் வைகாசி வெயிலில் மந்தையைக் காக்கும்.