திரள் பதிவேடும் பொருள் தரவுத்தளமும்

பள்ளி அலுவலகத்தில் ஒரு மாணவனைப் பற்றிய செய்திகள் பல ஏடுகளில் பிரிந்து கிடக்கும். பெயரும் பிறந்த நாளும் சேர்க்கைப் பதிவேட்டில். வந்ததும் வாராததும் வருகைப் பதிவேட்டில். தேர்வின் பயன் மதிப்பெண் பதிவேட்டில். சேர்க்கை எண்ணே இவற்றை இணைக்கும் கயிறு. ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற திரள் பதிவேடோ, ஒரு பிள்ளையைப் பற்றிய யாவற்றையும் ஓரிடத்தே வைப்பது.

கணினியிலும் இவ்விரு முறைகள் உள. எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-ஆம் ஆண்டில் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளம், செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து வைக்கும். பொருள் தரவுத்தளமோ, நிரலில் 'மாணவன்' என்னும் பொருள் எவ்வாறு அமைந்துளதோ அவ்வாறே சேமிக்கும். பிரித்தெழுதிப் பின் கூட்டும் வேலை நிரலர்க்கு மிச்சம். 1998-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த 'ஸோப்', பைத்தான் மொழியில் இணையச் செயலிகளை இம்முறையில் அமைக்க வழி செய்தது. அதன் அடித்தளத்தில் எழுந்ததே பள்ளி நிருவாகத்திற்கான 'ஸ்கூல்டூல்'. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் அதற்குப் பொருளுதவி புரிந்தார்.

இத்தரவுத்தளம், மாற்றங்களைக் கோப்பின் இறுதியில் சேர்க்குமேயன்றிப் பழையதை உடனே அழிப்பதில்லை. பதிவேட்டில் சுரண்டி எழுதலாகாது, கோடிட்டுத் திருத்திச் சுருக்கொப்பமிடுக என்று நாங்கள் எழுத்தர்க்குச் சொல்வதும் இதுவே.

குறையும் உண்டு. குயிலாப்பாளையத்திலிருந்து வந்து ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பெண்கள் எத்துணையர் என வினவின், அட்டவணை எளிதில் விடை தரும். பொருள் தரவுத்தளத்திற்குத் தனியே ஒரு சுட்டி அமைக்க வேண்டும். இன்றேல் ஒவ்வொரு பிள்ளையின் ஏட்டையும் புரட்ட நேரும். இதனினும் பெரிது ஒன்று: சேமித்த பொருள், தன்னைப் படைத்த நிரலைச் சார்ந்தே நிற்கிறது. நிரல் மறைந்தால் ஏட்டைப் படிப்பது அரிதாம். ஸ்கூல்டூலின் வளர்ச்சிப் பணியும் பின்னாளில் நின்றுவிட்டது.

எங்கள் குயிலாப்பாளையம் போன்ற சிற்றூர்களில், பலருக்குப் பிறந்த நாளுக்கும் படிப்புக்கும் பள்ளி ஏடே சான்று. 40 ஆண்டுகள் கழித்தும் ஒருவர் வந்து மாற்றுச் சான்றிதழின் இரண்டாம் படி கேட்பார். அன்று அந்நிரலர் இரார், அம்மென்பொருளும் இராது. ஆதலின் எம்முறையைக் கொள்ளினும், ஆண்டுதோறும் எல்லாப் பிள்ளைகளின் விவரத்தையும் எளிய அட்டவணையாகப் படியெடுத்து, தாளிலும் அச்சிட்டுக் காத்தல் வேண்டும் என்பது என் துணிபு. அவ்வாறு படியெடுக்க வகையில்லாத செயலியை எப்பள்ளியும் ஏற்கலாகாது.