சரிவின் அடியில் நிற்பவர்கள்

மலைப்பகுதிக் கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். அதிலிருந்து ஒரு செய்தியை மட்டும் பேசுகிறேன்.

2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி அருகே லவ்டேலில் தடுப்புச்சுவர் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேலே இருந்த கழிப்பிடக் கட்டடம் சரிந்து விழுந்தது. 6 பேர் இறந்தார்கள். ஆறு பேரும் பெண்கள். பிப்ரவரி நீலகிரிக்கு மழைக்காலமே அல்ல. ஆகவே 'இயற்கைச் சீற்றம்' என்ற பேச்சை ஒதுக்கிவைத்துவிடலாம்.

மலைச்சரிவைத் தாங்கிப் பிடிப்பது அதன் அடிமண். அதைச் செங்குத்தாக வெட்டினால் மேலே உள்ள பாரம் முழுவதும் பிடிமானம் இழக்கிறது. அதனால்தான் மேலிருந்து கீழாகப் படிப்படியாக வெட்ட வேண்டும், முட்டுக்கொடுக்க வேண்டும், சிறு சிறு பகுதியாகத் தோண்டி அவ்வப்போது சுவரை எழுப்ப வேண்டும், மேலே கட்டடம் இருந்தால் அதன் அஸ்திவாரத்தை முதலில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எந்தப் பொறியாளருக்கும் தெரிந்த பாடம்தான் இது. ஆனால் படி வெட்டினால் மனையில் சில அடி குறையும். முட்டுக்கொடுத்தால் செலவு, நாளும் கூடும். அந்தச் சில அடிகளுக்காகத்தான் ஆளை அடியில் இறக்குகிறார்கள்.

யாரை இறக்குகிறார்கள்? கொத்தனார் வருவதற்கு முன்பே மண் அள்ளிச் சுமக்க நிற்பவர் சித்தாள். அதிகம் சுமப்பவரும் குறைந்த கூலி வாங்குபவரும் அவரே. கைவேலை கற்றுக் கொத்தனாராகும் வழி பெண்களுக்கு அநேகமாக அடைபட்டே இருக்கிறது. (நம் தொழிற்சங்கங்களும் இதைப் பெரிதாகப் பேசியதில்லை.)

மேட்டுப்பாளையம் நடூரை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய சுமார் 20 அடிச் சுவர் தலித் குடியிருப்பின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றோம், சரியாகவே சொன்னோம். லவ்டேலில் அப்படிப் பெயர் சூட்ட ஒரு சுவர் இல்லை, வேலைப் பிரிவினைதான் இருந்தது. அதனால் ஒரு வாரத்தில் பேச்சு அடங்கிவிட்டது.

நீலகிரியில் பொக்லைன் ஓட்ட அனுமதி வேண்டும். நல்ல விதி. மண்வெட்டியால் அதே சரிவை வெட்டும்போதும் அதே கண்டிப்பு வேண்டும். வெட்டும் ஆழம், முட்டுக்கொடுக்கும் முறை, பொறுப்பேற்கும் பொறியாளரின் பெயர் எல்லாம் வேலையிடத்தில் தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். விபத்து நடந்தால் மேஸ்திரியோடு வழக்கு நின்றுவிடக் கூடாது. மனை உரிமையாளரும் வரைபடத்துக்குக் கையெழுத்துப் போட்டவரும் அதில் வர வேண்டும்.

இதை எந்தச் சட்டப்பிரிவில் கேட்கலாம் என்று வழக்கறிஞர் தோழர்கள் இப்போது சொல்லுங்கள்.