தபாலில் வந்த பல்கலைக் கழகம்

(தொழிலாளர் கல்வி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்கலைக் கழகம் என்றதும் நம் மனக்கண் முன் வருவது என்ன? பெரிய மதிற்சுவர், மணிக்கூண்டு, காலை பத்து மணிக்கு வகுப்பு. அந்தப் பத்து மணிக்கு நாம் எங்கே இருக்கிறோம்? மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் நிற்கிறோம். இல்லையேல் நடவு வயலில் குனிந்திருக்கிறோம். நமக்கும் உயர் கல்விக்கும் நடுவே நிற்பது மூளைக் குறைவல்ல. நேரம், கட்டணம், தூரம் ஆகிய மூன்றும்தான்.

யந்திரம் இந்த மூன்றையும் தாண்டிவிடும் என்கிறார்கள். ரேடியோ வந்தபோது சொன்னார்கள், டெலிவிஷன் வந்தபோது சொன்னார்கள், இன்று கைபேசியைக் காட்டியும் சொல்கிறார்கள். இதை அப்படியே நம்பவும் வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம். ஒரு நாட்டில் மெய்யாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

1963 செப்டம்பரில் பிரிட்டனின் லேபர் கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன், கிளாஸ்கோ நகரில் பேசும்போது, ரேடியோ, டெலிவிஷன் வழியாகப் பாடம் நடத்தும் ‘ஆகாயப் பல்கலைக் கழகம்’ ஒன்று வேண்டும் என்றார். மறு ஆண்டு பிரதமரான பின் அந்தப் பொறுப்பை ஜென்னி லீ அம்மையாரிடம் ஒப்படைத்தார். அம்மையார் ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். உழைக்கிறவனுக்கு இரண்டாந்தரப் படிப்பு போதும் என்ற பேச்சையே அவர் ஏற்கவில்லை. சேருவதற்கு எந்தப் பரீட்சையும் தேறியிருக்க வேண்டாம், ஆனால் பட்டம் மற்றப் பல்கலைக் கழகப் பட்டத்துக்கு ஒரு இம்மியும் குறையக் கூடாது என்று நின்றார். கன்சர்வேடிவ் கட்சியின் இயான் மக்லியாட் இதெல்லாம் வெறும் பிதற்றல் என்று எள்ளி நகையாடினார். பிதற்றல் 1969-இல் சாசனம் பெற்றது. 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 24 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். அதுதான் திறந்த நிலைப் பல்கலைக் கழகம்.

அது எப்படிப் பாடம் நடத்தியது? டெலிவிஷன் பெட்டிதான் எல்லாம் செய்தது என்று வெளியார் நினைத்தார்கள். மாணவனின் படிப்பு நேரத்தில் ஒளிபரப்புக்குப் போனது மிகச் சிறிய பங்கு. பெரும் பங்கு, தபாலில் வந்த அச்சிட்ட பாடப் புத்தகங்களுக்கே. விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஒரு பெட்டியும் தபாலில் வரும். அதில் கையடக்கமான பிளாஸ்டிக் மைக்ராஸ்கோப், ரசாயனப் பொருள்கள், சோதனைக் கருவிகள் எல்லாம் இருக்கும். சமையலறை மேஜையே சோதனைச் சாலை! பாடம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். விடைகளில் சரிக்குறி போடும் பகுதியைக் கம்ப்யூட்டர் திருத்தியது. கட்டுரைகளைத் திருத்தியது மனிதன்தான். ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. எங்கே தவறு, ஏன் தவறு என்று அவர் எழுதி அனுப்புவார். கோடையில் ஒரு வாரம் நேரில் வந்து தங்கிப் படிக்கவும் ஏற்பாடு இருந்தது.

இன்னொரு விஷயம். டெலிவிஷன் பாடம் பல சமயம் அதிகாலையிலோ நள்ளிரவிலோ வரும். அன்று நைட் ஷிப்டு என்றால் பாடம் போச்சு. இதற்கு மாற்றாக வந்தது மலிவான ஒலிநாடா. புரியாத இடத்தில் நிறுத்தலாம், பின்னால் சுற்றலாம், பத்துத் தடவை கேட்கலாம். ஆடம்பரமான டெலிவிஷனைவிட அந்தச் சின்ன நாடா மாணவனுக்கு அதிகம் உதவியது என்பதே நம் கருத்து. எந்த யந்திரம் உயர்ந்தது என்று பார்ப்பதைவிட, அது யார் கைக்குள் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். நள்ளிரவு ஒளிபரப்பு 2006 டிசம்பரோடு நின்றும் போனது.

ஆனால் கசப்பான சங்கதியும் உண்டு. முதலில் சேர்ந்தவர்களில் பள்ளி ஆசிரியர்களே ஒரு பெரும் தொகுதி. உடலுழைப்புத் தொழிலாளர்கள் மிகக் குறைவு. கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் எட்டு மணி நேர உழைப்புக்குப் பின் கண் விழித்துப் படிக்க, சத்தமில்லாத ஒரு மூலை வேண்டாமா? அதை டெலிவிஷனால் தர முடியவில்லை. பிறகு 2012-இல் இங்கிலாந்தில் சர்க்கார் மானியத்தை வெட்டியது. கட்டணம் பல மடங்கு ஏறியது. வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களின் தொகை சரிந்தது. யந்திரமோ முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது!

ஆசிரியர் கூலியை மிச்சம் பிடிக்க யந்திரத்தைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2013-இல் பார்த்தார்கள். யுடாசிட்டி என்ற கம்பெனி, சான் ஹோசே அரசுப் பல்கலைக் கழகத்தோடு சேர்ந்து இணையத்தில் கணக்குப் பாடம் நடத்தியது. முன்பு தவறியவர்களும் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். தேர்ச்சி, வகுப்பறையைவிடப் படுமோசம். திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். கோடையில் தேர்ச்சி ஏறியது உண்மை. ஆனால் அப்போது சேர்ந்தவர்களில் பலர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். கம்பெனியைத் தொடங்கியவரே தம் சரக்கு மட்டமானது என்று ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். ஹைதராபாத்தில் 1982-இல் முதல் திறந்த நிலைப் பல்கலைக் கழகம் ஏற்பட்டது. இன்று அதற்கு அம்பேத்கர் பெயர். தமிழ்நாட்டில் 2002-இல் ஏற்பட்டது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசில்லாமல் கைபேசியில் பார்க்கலாம். பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள். அது ஒரு தடைதான். ஆனாலும் டிப்ளமா முடித்த நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்த வேண்டும். தனியாகப் பார்க்காமல் நாலு பேர் கூடிப் பார்த்து, புரியாததைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

நேரத்துக்கு என்ன வழி? சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1974-இல் 140-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கல்வி விடுப்பு என்பதே அதன் பொருள். கூலி ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் நம்மில் எத்தனை சங்கங்கள் அதைச் சேர்த்திருக்கின்றன? படிப்பு மையங்களைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. வகுப்பு ஞாயிற்றுக்கிழமை என்றால், வார ஓய்வு செவ்வாய்க்கிழமை கிடைக்கிற மில் தொழிலாளிக்கு என்ன ஏற்பாடு? நடவும் அறுப்பும் நடக்கிற மாதத்தில் பரீட்சை வைத்தால் வயலில் நிற்கிறவன் எப்படி எழுதுவான்? உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மையத்துக்குப் போய், வகுப்பு நாள், பரீட்சை மாதம், கட்டணம், கட்டுரை திருத்தும் ஆசிரியர் உண்டா என்பதையெல்லாம் விசாரித்து எழுதி வாருங்கள். அடுத்த வகுப்பில் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு பேசுவோம்.