குருதியில் உலவும் ஒரு நொதி

உண்ட புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகளைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். கொழுப்பைச் சிதைப்பவற்றிற்கு உறவான நொதி ஒன்று நம் கல்லீரலில் பிறந்து குருதியில் உலவுகிறது. பியூட்டிரைல் கோலினெஸ்டரேஸ் என்பது அதன் பெயர். பெயர் நாவைச் சற்று வருத்தும், வேலையோ எளியது. எஸ்டர் என்னும் வேதிப் பிணைப்பை அது நீரின் துணையால் அறுக்கிறது. அதனை ஆக்கும் மரபணு மூன்றாம் குரோமோசோமில் உள்ளது.

இந்நொதி அறவே இல்லாதவரும் உண்டு. நம்மைப் போலவே உண்டு, உறங்கி, நலமாக வாழ்வர். அறுவை மேசையில்தான் குறை வெளிப்படும். மூச்சுக்குழாயில் கருவிக்குழாய் செலுத்துவதற்காக, தசைகளைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் என்ற மருந்தை ஊசியால் ஏற்றுவதுண்டு. பிறர் குருதியில் நொதி அதனை விரைந்து சிதைத்துவிடும். சில நிமிடங்களில் மூச்சு மீளும். இவர்களுக்கோ மணிக்கணக்கில் மூச்சுத்தசை அசையாது. கருவி கொண்டு மூச்சளித்துக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் உயிர்க்கே கேடு.

நம் புதுவையில் 1908 முதல் பத்தாண்டு வாழ்ந்த பாரதியாரின் பெயர் தாங்கிய கோவைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், வைசிய சமூகத்தாரிடையே இக்குறையை ஆராய்ந்தனர். நொதிச் சங்கிலியின் 307-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதிலாகப் புரோலின் அமர்ந்திருப்பதை 2006-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. தலைமுறைதோறும் தமக்குள்ளேயே மணம் புரியும் எக்குலத்திலும், இத்தகைய மாற்றம் தாய்வழியும் தந்தைவழியும் வந்து ஒரு பிள்ளையிடம் கூடலாம். அது எவர்க்கும் பழியன்று.

அறுவைக்குப்பின் மூச்சு திரும்பத் தாமதித்த உறவினர் எவரேனும் உண்டா என வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். இருப்பின், மயக்க மருத்துவரிடம் முன்னரே சொல்லுங்கள். குருதிச் சோதனையால் நொதியின் அளவை அறியலாம். அவர் வேறு மருந்தைத் தேர்வார்.