கையில் எடுப்பதும் கைமாற்றுவதும்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே சீட்டாட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். பணம் வைத்து ஆடும் சூதினைப் பற்றி நான் பேச வரவில்லை. சென்ற சித்திரை விடுமுறையில் எங்கள் குடும்பத்தினர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து ஆடிய ஆட்டமொன்றைப் பற்றியும், அதிலே நான் தோற்ற விதத்தைப் பற்றியுமே சொல்ல விரும்புகிறேன்.

சீட்டாட்டம் நமக்குப் புதியதன்று. 'முந்நூற்று நாலு' ஆட்டத்தை அறியாத ஊர் நம்மிடையே ஏது? ஓர் இனத்துச் சீட்டுகளின் பெறுமதி 76. நான்கு இனங்களையும் கூட்டினால் 304. அதுவே ஆட்டத்தின் பெயருமாயிற்று. அந்த ஆட்டத்திலே கைக்கு வந்த சீட்டே நமது விதி. நல்ல சீட்டு வராவிட்டால் பங்கிட்டவரை நொந்துகொள்ளலாம். ஆனால், நான் இன்று கூறவிருக்கும் ஆட்டத்திலே பழியை எவர் தலையிலும் சுமத்த இயலாது.

என் தமக்கையாரின் மகன் கனடாவிலிருந்து வந்தபோது அதனைக் கொண்டுவந்தான். 'செவன் வொண்டர்ஸ்', அதாவது ஏழு அதிசயங்கள், என்பது அதன் பெயர். பிரான்சு தேசத்தவரான அந்த்துவான் போசா என்பவர் ஆக்கிய இவ்வாட்டம் 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. தேர்ந்த ஆட்டக்காரருக்கென ஜெர்மனியில் வழங்கப்படும் பரிசு 2011ஆம் ஆண்டில் முதன்முறையாக ஏற்படுத்தப்பட்டபோது, அதனைப் பெற்றதும் இதுவே.

ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் பண்டைய அதிசயமொன்று உரியது. கீசாவின் பிரமிட்டு, பாபிலோனின் தொங்கு தோட்டம், அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கம் என்றவாறு அவை ஏழு. அவற்றுள் இன்றும் நிலைத்து நிற்பது பிரமிட்டு ஒன்றே. ஆட்டம் மூன்று யுகங்களாக நடைபெறும். யுகத்தின் தொடக்கத்திலே ஒவ்வொருவர் கைக்கும் ஏழு சீட்டுகள் வரும். அவற்றிலிருந்து ஒன்றை மாத்திரம் தெரிந்தெடுத்து, எஞ்சிய ஆறனையும் அயலவர் கையிற் கொடுத்துவிடல் வேண்டும். அதே வேளையில் மறுபக்கத்து அயலவர் தம்மிடமுள்ள ஆறனை நமக்குத் தருவார். இவ்வாறு கைமாறிக்கொண்டே போகும். முதலாம் யுகத்திலும் மூன்றாம் யுகத்திலும் இடப்புறமாகவும், இரண்டாம் யுகத்திலே வலப்புறமாகவும் சீட்டுகள் செல்லும். எல்லோரும் ஒரே வேளையில் தெரிவதால், பிறர் ஆடி முடியும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வணிகமும் போரும் இடப்பக்கத்தார், வலப்பக்கத்தார் ஆகிய இருவருடன் மாத்திரமே. நம்மிடம் இல்லாத மரமோ கல்லோ அயலவரிடம் இருக்குமாயின், இரண்டு காசு கொடுத்து அதனைப் பயன்படுத்தலாம். இங்கேதான் ஓர் அருமையான விதி இருக்கிறது. விற்கமாட்டேன் என்று மறுக்க அயலவருக்கு உரிமையில்லை. விற்றதனால் அவருடைய பொருள் குறைந்துபோவதுமில்லை. அதே பொருளைத் தாமும் பயன்படுத்தலாம்.

இனி, என் கதைக்கு வருகிறேன். அன்று என் இடப்பக்கத்தில் இருந்தவர் என் அண்ணர். எங்கள் இருவருடைய காணிகளும் அருகருகே உள்ளவை. எல்லை வேலி அடைக்கையில் கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டதென்ற வழக்கிலே, இரண்டு ஆண்டுகளாக நாங்கள் முகங்கொடுத்துப் பேசியதில்லை. பிள்ளைகள் வந்துபோவதற்கிருந்த வேலிப் பொட்டும் அடைக்கப்பட்டுவிட்டது. அம்மாவின் வீட்டிலே கூடியிருந்த அன்று, சிறுவர்கள் வற்புறுத்தியமையால் இருவரும் ஒரே மேசைக்கு வந்தோம். இருக்கை எது என்று தீர்மானித்தது குலுக்கல்.

எனக்கு வாய்த்தது ரோட்சுத் தீவின் பெருஞ்சிலை. அண்ணருக்கு வாய்த்தது பாபிலோன். முதலாம் யுகத்திலே என் கையிலிருந்து சீட்டுகள் அவரிடமே சென்றன. எனக்குச் சற்றும் பயன்படாத சீட்டொன்றை, அது அவருக்குப் போய்விடக்கூடாதே என்று எடுத்துக் கழித்து, மூன்று காசு பெற்றேன். பின்னர் செந்நிறப் போர்ச் சீட்டுகளாகவே தேடியெடுத்தேன். பாடசாலையிலே பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதிக்கும் நான், ஒரு கடதாசித் துண்டை வைத்துக்கொண்டு இவ்வாறு நடந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாம் யுகத்திலே சிலையின் ஒரு படியை எழுப்புவதற்குக் களிமண் வேண்டியிருந்தது. என்னிடம் இல்லை. வலப்பக்கத்திலிருந்த என் மகளிடமும் இல்லை. பாபிலோனிலே இருந்தது. நான் பேசாதிருந்தேன். "மாமா, பெரிய மாமாவிடம் வாங்கலாமே, அவர் மறுக்க ஏலாது" என்றான் மருமகன். காசுகளை எடுத்து அண்ணரின் முன்னே வைத்தேன். அவர் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, "தம்பி, மண் இவ்வளவும் போதுமோ?" என்று கேட்டார். நேயர்களே, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி அதுவே. "போதும் அண்ணை" என்றேன். வேறொன்றும் என் வாயில் வரவில்லை. கதவோரத்தில் இருந்த அம்மா எழுந்து, எல்லோருக்கும் தேநீர் கொண்டுவரப் போய்விட்டார்.

மூன்றாம் யுகத்திலே சீட்டுகள் மீண்டும் அண்ணரிடம் சென்றன. அவருக்குப் பயன்படும் நீலச் சீட்டொன்று என் கையில் இருந்தது. இம்முறை அதனைக் கழிக்காமல் அவர் கைக்கே அனுப்பினேன்.

வென்றவர் யார்? பன்னிரண்டு வயதான என் மகள். விஞ்ஞானத்திற்குரிய பச்சைச் சீட்டுகள் ஏழனை அவள் சேர்த்திருந்தாள். ஒரே குறியுடையவை மூன்று. மற்றைய இரு குறிகளிலும் இவ்விரண்டு. இக்குறிகளுக்கு வர்க்கக் கணக்கு: மூன்றுக்கு ஒன்பது, இரண்டுக்கு நான்கு, மற்றைய இரண்டுக்கும் நான்கு; ஆக 17. மூன்று குறிகளும் சேர்ந்த தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஏழு. தொகுதி இரண்டுக்கு 14. மொத்தம் 31. மூன்று யுகங்களிலும் அயலவர் இருவரையும் போரிலே வென்றாலுங்கூடக் கிடைப்பவை 18 புள்ளிகளே. அப்பச்சைச் சீட்டுகள் அவளுக்கு எங்கிருந்து வந்தன? இரண்டாம் யுகத்திலே அவளுக்குச் சீட்டு அனுப்பியவன் நான்! இடப்பக்கத்தவரைத் தோற்கடிப்பதிலேயே கண்ணாயிருந்தவன், வலப்பக்கத்துக்கு எதனைக் கொடுக்கிறேன் என்று பார்க்கவேயில்லை. அண்ணரும் நானும் கடைசி இரண்டு இடங்களையும் பகிர்ந்துகொண்டோம்.

நாம் எதனை எடுத்தோம் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எதனைக் கைமாற்றினோம் என்பதை எண்ணுவதில்லை. எங்கள் தந்தையார் எங்களுக்குக் காணியைக் கைமாற்றினார். நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு வழக்கொன்றைக் கைமாற்ற இருந்தோம். அவர்களோ அவ்வளவு காலமும் பெரியப்பா என்றும் சித்தப்பா என்றும் உறவை விடாது வைத்திருந்தார்கள்.

எல்லைத் தகராறு ஓர் ஆட்டத்தோடு தீர்ந்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு முழ நிலம் யாருடையது என்பதில் இருவருக்கும் இன்றும் கருத்து வேறுதான். நில அளவையாளரை அழைப்பதென்றும், அவருடைய கூலியை இருவரும் பாதியாகக் கொடுப்பதென்றும், அவர் காட்டும் எல்லையை ஏற்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம். வேலிப் பொட்டை மாத்திரம் அவருடைய வருகைக்காகக் காத்திராமல் திறந்துவிட்டோம். சனிக்கிழமை மாலைகளிலே அண்ணர் அவ்வழியாகக் குனிந்து வருகிறார், ஆட்டம் நடக்கிறது. மகள் இன்னும் எங்களை வென்றுகொண்டுதான் இருக்கிறாள்.