நிரல் பகிரும் நாகரிகம்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணினிக்கு இடும் கட்டளைகளை வரிவரியாக எழுதிவைப்பதற்கு நிரல் என்று பெயர். நிரல் எழுதுவோர் இணையத்திலே குழுக்களாகக் கூடி, ஒருவரையொருவர் ஐயம் கேட்டும் விடை கூறியும் வருகின்றனர். அச்சபையில் ஒழுகவேண்டிய முறை யாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இஃது இளைஞர்க்கு மாத்திரம் உரிய விஷயம் என்று பெரியோர்கள் எண்ணவேண்டா. கேட்பதற்கும் கொடுப்பதற்கும் உரிய பண்பு எல்லார்க்கும் பொதுவன்றோ?

முதலில் எங்கள் குற்றத்தையே கூறிவிடுகின்றோம். சர்வகலாசாலையின் முதலாம் வருடத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து ஓர் ஒப்படை செய்தோம். நிரல் இடைநடுவே நின்றுவிட்டது. நள்ளிரவில், நானூறு வரிகளையும் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து, "வேலை செய்யவில்லை, அவசரம், உதவுக" என்று ஒரு குழுவில் இட்டோம். விடியும்வரை ஒருவரும் வாய்திறக்கவில்லை. காலையில் ஒருவர் மாத்திரம் எழுதினார்: "தம்பிமார், உங்கள் தரவுத்தளத்தின் கடவுச்சொல் படத்திலே தெரிகின்றது. முதலில் அதை மாற்றுங்கள்."

நாணித் தலைகுனிந்தோம். பிறகுதான் யோசித்தோம். படத்திலுள்ள நிரலை ஒருவர் தம் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி? நானூறு வரிகளையும் அவர் கையாலே தட்டெழுத வேண்டுமா? கூலி வாங்காது உதவுபவரின் நேரத்தை நாங்கள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

ஆகவே முறையாகக் கேட்க முற்பட்டோம். நிரலை எழுத்தாகவே எடுத்தோம். கணினி காட்டிய வழுச்செய்தியை ஓரெழுத்தும் மாற்றாது குறித்தோம். எதிர்பார்த்தது யாது, நடந்தது யாது, முயன்றவை எவை என்று எழுதினோம். வழுவுக்குச் சம்பந்தமில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினோம். ஈற்றிலே பன்னிரண்டு வரிகளே எஞ்சின. அவற்றினுள்ளே குற்றம் தானாகவே தெரிந்தது! பட்டியலின் முதலுறுப்பை 0 என்று எண்ணும் மொழியில் நாங்கள் 1 முதல் எண்ணி, இல்லாத உறுப்பொன்றைக் கடைசியிற் கேட்டிருந்தோம். நன்றாகக் கேட்கப் புகுந்தவனுக்குக் கேள்வியே ஆசானாகின்றது.

இனி, பெறுவோன் கடமை. ஒருவர் தந்த நிரலை மற்றோர் ஒப்படையில் எங்களுடையதாகவே ஒப்புவித்தோம். விரிவுரையாளர் ஒரு வரியைச் சுட்டி, "இது ஏன்?" என்றார். மூவரும் ஊமைகளானோம். 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் தளத்தில் வெளியாகும் விடைகளை எவரும் எடுத்தாளலாம். ஆனால் எழுதியவர் பெயரைச் சொல்லவேண்டும் என்பது அதன் உரிம விதி. விதி இல்லாவிடினும் நன்றியறிதல் அதையே கேட்கும். தீர்வு கிடைத்தபின் திரும்பி வந்து, எது பலித்தது என்று சொல்வதும் கடன். அடுத்து வருபவனுக்கு அது வழிகாட்டும்.

கொடுப்போர்க்கும் நெறி உண்டு. தாம் ஓட்டிப் பாராத நிரலை விடையென்று இடலாகாது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததாயினும் அவ்வாறே. புதியவரை ஏளனம் செய்யவும் கூடாது. 1991-இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றி இணையக் குழுவொன்றில் அறிவித்துப் பிறர் கருத்தைப் பணிவுடன் கேட்டார். அதுவே உலகெங்கும் பரவிய லினக்ஸ். அவரே பிற்காலத்தில் உடன் உழைப்போரைக் கடுஞ்சொற்களாற் சாடி, 2018-இல் அதற்கு மன்னிப்புக் கேட்டுச் சிலகாலம் ஒதுங்கியிருந்தார். ஆற்றல் மிக்கவர்க்கும் இன்சொல் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பகிர்வின் பயனுக்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின், காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். அதன் நிரலை எவரும் எடுத்தாள விட்டனர். மறு ஆண்டு பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அது அந்நாட்டு மக்களுக்கும் உதவிற்று.

அன்பர்களே, அன்று காலை எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் கூறாது, கடவுச்சொல்லை மாற்றும்படி எழுதினாரே, அவர் யாரென்று நாங்கள் இன்றும் அறியோம். அவருக்குக் கைம்மாறு செய்ய வழியில்லை. அடுத்து வந்து கேட்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அவ்வாறே பொறுமையுடன் விடை கூறுவதொன்றே எங்களாற் செய்யக்கூடியது. அதைச் செய்வோம் எனக் கூறி அமைகின்றோம்.